பிரேமலா அண்ணியின் ஸ்டீரிங்

எங்கள் குடும்பத்தில் லோரி ஓட்டியவர்கள் உண்டு, பஸ் ஓட்டியவர்கள் உண்டு, வாயாலேயே வண்டி ஓட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். ஆனால் ஒரு வண்டி என்ன சொல்ல வருகிறது என்று காது கொடுத்துக் கேட்கிற ஆள் ஒருவர்தான். அவர் என் இரண்டாவது அண்ணன் மனைவி பிரேமலா. என் அண்ணி என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான் சொல்கிறேன்.

அண்ணி காஹாங் என்ற சின்ன ஊரில் இருக்கிறார். அங்கிருந்து சிறுநீரகம் பழுதான மூன்று பேரைத் தன் காரில் குளுவாங்குக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துப் போய், முடிந்ததும் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவதுதான் அவருடைய வேலை. நான் தம்போயில் ஒரு ஃபாக்டரியில் இருக்கிறேன். லீவு கிடைத்தால் ஆயர் ஈத்தாம் வழியாக அண்ணி வீட்டுக்குப் போய்விடுவேன். என் பெயர் ரூபினி. இந்தக் கதையில் எனக்கு வேலை அதிகம் இல்லை, கோபப்படுவதைத் தவிர.

என் அண்ணன் ஹேமநாதன் இருந்தவரை அண்ணியை ஸ்டீரிங்கில் கை வைக்க விட்டதில்லை. லைசன்ஸ் எடுக்கச் சொன்னவரும் அவர்தான், எடுத்த பிறகு ஓட்ட விடாதவரும் அவர்தான். மனைவி மேல் பாசம் அதிகமா, கார் மேல் பாசம் அதிகமா என்று நாங்கள் கேலி செய்வோம். ஒருநாள் காலையில் மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார். பழைய கார் வாசலில் உறை போட்டபடி நின்றது. விற்றுவிடு என்று ஊரே சொன்னது.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தார்கள். மகனுக்குத் தினமும் சிங்கப்பூர் போய்வருகிற வேலை. விடிவதற்குள் கிளம்பிவிடுகிறவனை எப்படி நம்புவது? ஆள் கிடைக்காமல் அந்த அம்மா ஒருநாள் சிகிச்சைக்குப் போகாமலேயே இருந்துவிட்டார். மறுநாள் முகம் வீங்கிக் கிடந்தவரைப் பார்த்துவிட்டு அண்ணி நேராக வீட்டுக்கு வந்தார், உறையை உருவினார், காரை எடுத்தார். முதல் நாள் குளுவாங் போய்ச் சேர்வதற்குள் பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் ஹார்ன் அடித்துத் தீர்த்தார்களாம். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். இப்படித்தான் அது தொழிலானது.

பழைய காருக்கு ஒரு முனகல் இருந்தது. ஸ்டீரிங்கை வளைக்கும்போதெல்லாம் வயிற்று வலிக்காரன் மாதிரி முனகும். எங்கள் பெரியண்ணன் ஐயாசாமி, காலமெல்லாம் லோரி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர், பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். அண்ணி அதோடு விடவில்லை. நிறுத்திய காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தார். காலையில் அட்டையில் சிவப்பாக எண்ணெய் சொட்டியிருந்தது. அட்டையைச் சுருட்டிக்கொண்டு குளுவாங்கில் ரேமண்ட் என்பவரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். எஞ்சின் எண்ணெய் என்றால் கறுப்பாக இருக்கும், சிவப்பு என்றால் அந்தக் காரில் அது பவர் ஸ்டீரிங் எண்ணெய், குழாய் கசிகிறது, எண்ணெய் குறைந்து பம்ப்புக்குள் காற்றுப் புகுந்துதான் முனகுகிறது என்று ரேமண்ட் சொன்னார். குழாயை மாற்றியதும் முனகல் நின்றது. வண்டி நிற்கும்போது ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து அப்படியே பிடித்து வைத்தால் பம்ப் சீக்கிரம் போய்விடும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அண்ணி அப்படிப் பிடிப்பதில்லை. வேறு யாராவது பிடித்தாலும் அவருக்குப் பொறுக்காது.

ரேமண்ட் தானாக எதையும் விளக்குகிற ஆள் இல்லை. அண்ணி கேட்காமல் விடுகிற ஆளும் இல்லை. எந்த விளக்கு எதற்கு, சிவப்பு எரிந்தால் என்ன, மஞ்சள் எரிந்தால் என்ன என்று குடைந்து எடுத்துவிடுவார். சிவப்பு என்றால் பாதுகாப்பாக ஓரம் கட்டிப் பார்க்க வேண்டும், மஞ்சள் என்றால் பதறாமல், ஆனால் நாள் கடத்தாமல் கவனிக்க வேண்டும். ஸ்டீரிங் படமும் ஆச்சரியக்குறியும் சேர்ந்து வந்தால் பவர் ஸ்டீரிங்கில் கோளாறு. புது வண்டிகளில் எண்ணெய் கிடையாது, மோட்டார்தான் ஸ்டீரிங்குக்குக் கை கொடுக்கிறது, அதனால் பேட்டரி இளைத்துப்போனாலும் அந்த விளக்கு வரலாம். இதையெல்லாம் அண்ணி எனக்கு ரசம் தாளித்துக்கொண்டே சொல்வார். எனக்குப் பாதி புரியும், மீதிக்குத் தலையாட்டுவேன்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடும் முன்னால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒருமுறை எரியும். எரியாத விளக்கு கெட்டுப்போன விளக்கு. எஞ்சின் ஓடிய பிறகும் அணையாத விளக்கு ஏதோ சொல்கிற விளக்கு. அண்ணி தினமும் அதை ஒன்றுவிடாமல் பார்ப்பார். அந்த நேரம் யாரும் பேசக்கூடாது. பேச்சியம்மாள் இதை ஏதோ பூசை என்று நினைத்துக்கொண்டு, விளக்குகள் எரியும்போது கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மற்ற இருவரும் அவரைப் பார்த்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணியும் திருத்தவில்லை. நல்லதுதானே என்பார்.

ஒருநாள் குளுவாங்கிலிருந்து திரும்பும் வழியில், இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் தவிர வேறு எதுவும் இல்லாத இடத்தில், டேஷ்போர்டில் பேட்டரி படம் சிவப்பாக எரிந்தது. அதே நேரம் ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. முன்னால் வளைவு. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி. பின்னால் ரத்தம் சுத்திகரித்துக் களைத்துப்போய்த் தூங்குகிற மூன்று உயிர்கள். கனத்துப்போன ஸ்டீரிங்கும் திரும்பும், பலம் மட்டும்தான் வேண்டும் என்பது அண்ணிக்குத் தெரியும். பிரேக்கை மெதுவாக அழுத்தி, இரண்டு கையாலும் தோளைக் கொடுத்து வளைத்து, லோரி கடந்து போனதும் ஓரம் கட்டி, உடனே எஞ்சினை அணைத்தார். பொனட்டைத் திறக்கும் முன்பே, பெல்ட் அறுந்துவிட்டது என்று பேச்சியம்மாளிடம் சொன்னாராம். திறந்து பார்த்தால் அதுதான். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதும் ஸ்டீரிங் பம்ப்பைச் சுற்றுவதும் அந்தக் காரில் ஒரே பெல்ட். தண்ணீர்ப் பம்ப்பும் அதில்தான். வெறும் பேட்டரிதானே என்று வீடு வரைக்கும் ஓட்டியிருந்தால் எஞ்சின் வெந்து போயிருக்கும் என்று ரேமண்ட் பிறகு சொன்னார்.

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் எங்கள் வீட்டில் மாலை போட்டிருப்பார்கள். அண்ணி செய்ததால் பஞ்சாயத்து வைத்தார்கள். பெண் ஒருத்தி நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற ரோடா அது என்று பெரியண்ணன் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. தம்பியைப் பறிகொடுத்த பயம் அவருக்கு. பயம் வந்தால் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் குரல் உயர்ந்துவிடும், அவ்வளவுதான். தன் மகன் செல்வா இனி அவர்களை அழைத்துப் போகட்டும் என்றார். செல்வா நல்ல பையன்தான். முப்பது வயதாகியும் பையன் என்றுதான் சொல்ல முடிகிறது. அவன் அழைத்துப் போன முதல் நாளே, அந்தப் பிள்ளை ஃபோனைப் பார்க்கிற நேரம் போக மிச்ச நேரத்தில்தான் ரோட்டைப் பார்க்கிறது என்று பேச்சியம்மாள் வந்து அண்ணியிடம் அழுதார்.

அண்ணி புதுக் கார் வாங்கினார். சின்னக் கார்தான், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்து, கோட்டை விட்டு விலகினால் ஸ்டீரிங் தானே லேசாகத் திருத்திக்கொள்கிற புதுப் பாணிக் கார். அண்ணியே மறுபடி ஓட்டட்டும் என்று பெரியண்ணன் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"புது வண்டியிலயும் ஏதாச்சும் கோளாறுன்னு வந்துச்சின்னா, அன்னைக்கே சாவி செல்வா கையில. அப்புறம் நீ வீட்டோட இருக்கணும். சரின்னா சொல்லு."

அண்ணி சரி என்றார். எனக்கு வந்த கோபத்தில் சமையலறைக்கு இழுத்துப் போய்ச் சண்டை போட்டேன். எந்த வண்டியில்தான் கோளாறு வராது? அண்ணி சிரித்தார்.

"கோளாறு வராம இருக்காது ரூபி. வந்தா அது என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும்லா. அத நம்பித்தான் சரின்னேன்."

காரை எடுக்கப் போன அன்று நானும் செல்வாவும் கூடப் போனோம். விற்பனைப் பெண் சாவியைக் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பிவிடப் பார்த்தாள். அண்ணி அவளைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, டேஷ்போர்டில் இருந்த ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் கேட்டார். செல்வா கொட்டாவி விட்டுக்கொண்டு ஃபோனில் மூழ்கிவிட்டான். அந்தப் பெண் பாவம், இரண்டு முறை உள்ளே போய் ஆளைக் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

மறுநாள் காஹாங் கோயிலில் வண்டிப் பூசை. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். நோயாளிகள் மூவரும் முதல் சவாரிக்குக் குளித்து முழுகி வந்து நின்றார்கள். குருக்கள் அர்ச்சனை செய்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனக் குங்குமக் கிண்ணத்தை நீட்டினார். அண்ணி கை நீட்டவில்லை. நீட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் எங்கள் வீட்டில் இல்லை. சுமங்கலிதான் வைக்க வேண்டும். பெரியண்ணன் தன் மனைவி மலர் அண்ணியைக் கூப்பிட்டார். சம்பாதித்து வாங்கியவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, வேறொருவர் போய்ப் பொட்டு வைப்பதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மலர் அண்ணியைக் குறை சொல்ல முடியாது. அவர் எதைச் செய்தாலும் தாராளமாகச் செய்கிறவர். பொனட்டில் வைத்தார், கதவுகளில் வைத்தார், கடைசியில் எட்டி, முன் கண்ணாடியின் நட்ட நடுவில், உச்சியில், ஊருக்கே தெரிகிற மாதிரி ஒரு பெரிய சந்தனத்தை அப்பி அதன் மேல் குங்குமம் வைத்தார்.

அண்ணி ஓட்டுநர் சீட்டில் ஏறி எஞ்சினை ஓடவிட்டார். குருக்கள் தீபாராதனை காட்டினார். காட்டி முடிப்பதற்குள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்குகள் எரிந்தன. நடுவில் ஸ்டீரிங் படம்.

ஜன்னல் பக்கம் நின்ற செல்வாதான் முதலில் பார்த்தான். அலமாக், ஸ்டீரிங் போயிடுச்சி என்று பதறி வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அது கூட்டம் முழுக்கப் பரவியது. கோயில் வாசலிலேயே இப்படியா என்றார் ஒருவர். தாலி இல்லாதவள் முதலில் ஏறியிருக்கக் கூடாது என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியண்ணன் கதவருகே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இறங்கு பிரேமலா. சாவியக் குடு. பேசுன பேச்சு ஞாபகம் இருக்குல்ல?"

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணி சாவியைக் கொடுத்தால் நாளை முதல் தன் உயிர் யார் கையில் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும்.

அண்ணி இறங்கவில்லை, சாவியை எடுக்கவும் இல்லை. ஸ்டீரிங்கை ஒரு விரலால் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். அது வெண்ணெய் மாதிரி அசைந்தது. குனிந்து விளக்கைப் பார்த்தார். மஞ்சள்தான், சிவப்பு இல்லை. ஸ்டீரிங் படத்தின் பக்கத்தில் ஆச்சரியக்குறி இல்லை, ரோட்டுக் கோடு மாதிரி இரண்டு கோடுகள்தான் இருந்தன. பிறகு தலையைத் தூக்கி முன் கண்ணாடியைப் பார்த்தார். கேமராவுக்கு நேர் எதிரே, அதன் பார்வையை முழுசாக மறைத்துக்கொண்டு, மலர் அண்ணி வைத்த பொட்டு.

அண்ணி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். கொடுத்துவிடப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெரியண்ணன் கையைக்கூட நீட்டிவிட்டார். அண்ணி தண்ணீர் போத்தலையும் டிஷ்யூவையும் எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி வண்டியின் முன்னால் போய் நின்றார். அங்கே நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஏன் நின்றார் என்று அந்தக் கூட்டத்தில் எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. பூசை போட்ட வண்டியின் பொட்டு. வைத்தவள் சுமங்கலி. அழிக்கப் போகிறவள் விதவை. என் அண்ணன் போன அன்று பிரேமலா அண்ணியின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தவர் இதே மலர் அண்ணிதான். பெரியவர்கள் சொன்னார்கள், அவர் செய்தார், செய்துவிட்டு எங்கள் எல்லோரையும்விட அதிகமாக அழுதார்.

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, மன்னிச்சிக்குங்க. வண்டிக்குக் கண்ணு இந்த எடத்துலதான் இருக்கு. மறைச்சிட்டா அதுக்கு ரோடு தெரியாது. ஸ்டீரிங் நல்லாத்தான் இருக்கு, தானா திருத்திக்கிறது மட்டும்தான் நின்னுபோச்சி."

பிறகு துடைத்தார். அவசரப்படாமல், சந்தனம் இழுபடாமல், தண்ணீர் விட்டுச் சுத்தமாகத் துடைத்தார். யாரோ ஐயோ என்றார்கள். அண்ணி திரும்பவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டார். எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்தன. பேச்சியம்மாள் என் கையை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சள் திரும்ப வருகிறதா என்று அண்ணி காத்திருந்தார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். வரவில்லை.

குருக்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்பாள் கண்ணை மறைக்கச் சொன்னதில்லை, வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார். பெரியண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டிய நிலைமை அவருக்கு. பொட்டில்லாமல் வண்டி கிளம்பக்கூடாது, மலரு, கண்ணாடியில் கீழே ஓரமாக வை என்றார்.

மலர் அண்ணி நகரவில்லை. கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். பெரியண்ணன் சொல்லி அவர் ஒன்றைச் செய்யாமல் நின்று நான் அன்றுதான் பார்த்தேன்.

"எனக்கு எங்க தெரியும்? கண்ணு எங்க இருக்குன்னு தெரிஞ்சவ அவதான். அவளே வைக்கட்டும்."

ஜன்னல் வழியாகக் கிண்ணத்தை நீட்டினார். அண்ணி உடனே வாங்கவில்லை. மலர் அண்ணியும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அண்ணி இறங்கி வந்து, விரலால் சந்தனத்தைத் தொட்டு, முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் சின்னதாக வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது. அவர் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மலர் அண்ணி அதை வாங்கவில்லை. வேர்வையில் கலைந்திருந்த தன் நெற்றியைக் குனிந்து காட்டினார்.

"எனக்கும் வச்சிவிடு பிரேமா."

அண்ணி வைத்தார். நான் எல்லார் முன்னாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். துக்கம் இல்லை, பெருமைதான். இவர் எங்கள் வீட்டு மருமகள், என் அண்ணி என்று பின்னாலிருந்து பேசிய அந்தக் குரலின் காதில் போய்க் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தாமல் இருந்ததற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

நோயாளிகளில் இருவர் வெயில் தாங்காமல், அடுத்த சுற்றில் வருகிறோம் என்று கோயில் மண்டபத்துக்குள் போய்விட, பேச்சியம்மாள் மட்டும் முந்திக்கொண்டு முன் சீட்டில் ஏறி பெல்ட்டையும் போட்டுக்கொண்டார். பின் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. பெரியண்ணன். வாழ்நாளில் எந்த வண்டியிலும் பின்னால் உட்காராத மனிதர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"செல்வா, நீ மோட்டார் சைக்கிள்ல வா. எனக்கு பசார்ல வேல இருக்கு. பிரேமலா இறக்கிவிட்டுடும்."

அண்ணி கியரைப் போடப் போனவர் நிறுத்தினார். டேஷ்போர்டில் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இந்த முறை சிவப்பு. செல்வா எட்டிப் பார்த்துவிட்டு இப்போது வாயைத் திறக்கவில்லை. அண்ணி கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"மாமா, பெல்ட்டு. இந்த வெளக்கு உங்களுக்குத்தான் எரியுது."

பெரியண்ணன் பெல்ட்டை இழுத்துப் போட்டார். விளக்கு அணைந்தது. அண்ணி கிளம்பினார்.